டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு போட்டோ!

பாத்ரூமை இடித்துப் புதிதாக மாற்றலாம் என்று வீட்டில் முடிவானதும், எல்லோரும் முதலில் போகிற இடம் டைல்ஸ் கடை. எந்த நிறம், பளபளப்பா சொரசொரப்பா, நடுவில் பூப்போட்ட வரிசை வேண்டுமா வேண்டாமா... மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே ஓடிவிடும். அப்புறம் ஷவர், வாஷ்பேசின், கண்ணாடி. எல்லாம் வாங்கி வந்து, இடித்த சுவருக்கு எதிரே நிற்கும்போதுதான் பிளம்பர் கேட்பார்: "அக்கா, பைப் பாயின்ட் எங்கெங்க வேணும்?"

அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. "வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடிவிடுவோம்.

டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டே பத்து வருடம் வாழ்ந்துவிடலாம். சுவருக்குள் போன பைப் கசிய ஆரம்பித்தால் பத்து நாள் தாங்காது. ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த அதே டைல்ஸைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். அதே நிறம், அதே அளவு கடையில் மறுபடி கிடைக்கவும் கிடைக்காது.

மேனாம்பேட்டில் ஒரு வீடு

அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். ஆனால், அந்தப் பக்கத்தில் வசிப்பவர்கள் "இது எங்க வீடாச்சே" என்று சொன்னால் ஆச்சரியமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்த பிறகு, சுற்றியிருந்த ஊர்களில் மனை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய வீடுகள் ஏராளம். முதலில் கீழே இரண்டு அறை. பிள்ளைகள் வளர்ந்ததும் இன்னொரு அறை. பி.எஃப் பணம் வந்ததும் மாடி. மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம்.

வீடு வளர்ந்த கதை அதன் பைப்பில் அப்படியே இருக்கும். கீழே முதலில் போட்டது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. மாடி எடுத்தபோது அதிலிருந்தே கிளை பிரித்து வெள்ளை பிவிசி. பிறகு கீசர் வாங்கியபோது இன்னொரு ஒட்டு. வாஷிங் மெஷினுக்கு ஒரு ஒட்டு. ஒவ்வொரு முறையும் வந்த பிளம்பர் வேறு. எந்தப் பைப் எதற்குப் போகிறது என்று முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் தாத்தா. அவரும் இப்போது இல்லை.

அந்த வீட்டில் எழுபதைத் தாண்டிய மாமியாருக்கு மூட்டு வலி. குந்தி உட்கார முடியவில்லை. இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் போட இடம் வேண்டும். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். டாய்லெட் இடம் மாறினால் குழாய்கள் எல்லாமே இடம் மாறும். வேலையை மேற்பார்வை பார்ப்பது மருமகள். மாமியாரின் கவலை ஒன்றே ஒன்று: "வெந்நீர் குழாய் கைக்கு எட்டுற மாதிரி வைக்கச் சொல்லும்மா."

பாத்ரூமோடு நிறுத்திவிடக் கூடாது

இடித்ததும் முதலில் வெளியே வருவது அந்தப் பழைய ஜி.ஐ. பைப். அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக, பாசி பிடித்தது போலத் துருவும் உப்பும். அரை இன்ச் பைப்பில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மீந்திருக்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள இடங்களில் இது சகஜம். "ரொம்ப நாளா தண்ணி ஃபோர்ஸே இல்ல" என்ற புகாருக்கு டேங்கோ மோட்டாரோ காரணமில்லை, இதுதான் காரணம்.

பல வீடுகளில் இங்கேதான் ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. பாத்ரூமுக்குள் மட்டும் புதிய சிபிவிசி பைப் போட்டு, மாடி டேங்கிலிருந்து இறங்கும் பழைய இரும்புப் பைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். செலவு கொஞ்சம் மிச்சம்தான். ஆனால், பழைய பைப்பில் ஒட்டியிருக்கும் துரு, வேலை நடக்கும்போது தட்டுகிற தட்டில் உதிர்ந்து கீழே வரும். முதலில் போய் அடைப்பது ஷவரின் சல்லடையை. அடுத்தது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டைவர்ட்டரின் உள்பாகத்தை. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் அந்தப் பொருள் சுவருக்குள் பதிந்திருக்கும். அது அடைத்தால் பிளம்பரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். முடிந்தவரை டேங்க் வாயிலிலிருந்தே புது லைன் இறக்கிவிடுவது நல்லது. கை காசுக்கு இப்போது முடியாது என்றால், பழைய பைப்பும் புதிய பைப்பும் சேருகிற இடமாவது சுவருக்கு வெளியே, கண்ணில் படும்படி இருக்கட்டும். இரண்டு வேறு பொருள் சேரும் இடம்தான் முதலில் கசியும்.

உபயோகத்தில் இல்லாத பழைய கிளைப் பைப்புகளை நுனியில் டம்மி போட்டு அடைத்துவிட்டுச் சுவருக்குள் மூடுவதும் வழக்கமாக இருக்கிறது. மூடிய பைப்பிலும் தண்ணீர் நிற்கும், அழுத்தம் இருக்கும், துரு பிடித்துக்கொண்டே இருக்கும். இனி வேண்டாம் என்றால் அது கிளை பிரிகிற இடத்திலேயே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அம்பத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல், இரண்டு விதத் தண்ணீர். மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வந்து சமையலறைக்குப் போகும்; போர் தண்ணீர் டேங்குக்கு ஏறி பாத்ரூமுக்கு இறங்கும். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் பல வீடுகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பைப்பை மாற்றும்போது "பக்கத்துலதானே லைன் போகுது, இதுலயே ஒரு டீ போட்டு எடுத்துடலாம்" என்று யாராவது இரண்டையும் இணைத்துவிட்டால் போச்சு. ஒரு வால்வு சரியாக மூடாத நாளில் உப்புத் தண்ணீர் குடிக்கிற தண்ணீரோடு கலக்கும். சுவை மாறிய பிறகும் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு லைனுக்கும் நடுவே எந்த இணைப்பும் வேண்டாம் என்று பிளம்பரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மேலிருந்து கீழே

இனி பைப் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு வருவோம். சுவரில் பைப் பதிக்க வெட்டுகிற பள்ளத்தைக் 'காடி' என்பார்கள். வேலை செய்பவருக்கு எளிது, குழாய்க்குக் குழாய் நேராகக் குறுக்கே காடி எடுத்துப் போவது. சுவருக்கோ அது கெடுதல். மேலிருந்து கீழாக வெட்டும் காடி, சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. குறுக்கே வெட்டும் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கட்டட விதி. ஒன்பது இன்ச் சுவரில் குறுக்குக் காடிக்கு ஒன்றரை இன்ச் கிடைக்கும். நாலரை இன்ச் சுவரில் முக்கால் இன்ச்தான். முக்கால் இன்ச் சிபிவிசி பைப்பின் வெளி விட்டமே 22 மில்லிமீட்டர். பைப்பும் உட்காராது, அதன் மேல் பூச்சுக்கும் இடமில்லை. அதனால் நாலரை இன்ச் சுவரில் குறுக்கே காடி வேண்டவே வேண்டாம்.

அப்படியானால்? மேலே சீலிங்கை ஒட்டி லைனைக் கொண்டுவந்து, எங்கெல்லாம் குழாய் வேண்டுமோ அங்கெல்லாம் நேர்கீழே இறக்குவது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. குழாய் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே பைப் இருக்கும் என்று யாருக்கும் சொல்லாமலே தெரியும். கோணலும் மாணலுமாக ஓடும் பைப்பை எவராலும் ஊகிக்க முடியாது.

வீட்டைத் தாங்குகிற தூணிலும் பீமிலும் மட்டும் கட்டிங் மெஷின் படவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். "சின்ன கம்பிதான்க்கா" என்பார்கள். மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது.

பைப்பைச் சுவருக்குள் மறைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. குளிர் நாடுகளில் வெளிச்சுவரில் பைப் போனால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பைப் வெடித்துவிடும். சென்னையில் அந்தப் பயம் கிடையாது. பாத்ரூமின் பின்பக்கம் சொந்தச் சந்தாக இருந்தால், வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்து லைனைக் கொண்டுபோய், குழாய் வேண்டிய இடத்தில் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே விடலாம். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் சரி செய்யலாம். ஒரு டைல்ஸ்கூட உடையாது. வெயில் படுகிற இடத்தில் பிளாஸ்டிக் பைப் நாளாவட்டத்தில் நொறுங்கத் தொடங்கும் என்பதால் பெயின்ட் அடித்துவிட வேண்டும். பார்க்க அழகாக இல்லை என்பதுதான் ஒரே குறை. சந்துக்குள் வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

தண்ணீர் பைப் எப்படி வேண்டுமானாலும் வளையும், ஏறும், இறங்கும். டாய்லெட்டின் கழிவு பைப் அப்படியில்லை. அதற்குச் சரிவு வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில், டாய்லெட்டை எட்டு அடி தள்ளி வைத்தால் பைப் கிட்டத்தட்ட இரண்டரை இன்ச் இறங்கியாக வேண்டும். பைப்பின் கனமே நாலு இன்ச்சுக்கு மேல். தரைத்தளத்தில் தோண்டிக்கொள்ளலாம். மாடி பாத்ரூமில் தரையை உயர்த்த வேண்டிவரும், வாசலில் ஒரு படி முளைக்கும். வயதானவர்களுக்காக பாத்ரூமை மாற்றி, அவர்கள் தடுக்கி விழ ஒரு படியையும் கட்டிவைப்பதைவிட, டாய்லெட் பழைய இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷவர் ஏன் அழுகிறது?

கடையில் பார்த்த பெரிய வட்ட ஷவர், மழை மாதிரி கொட்டியது. வீட்டில் மாட்டியதும் சொட்டுகிறது. பிளம்பருக்குத் திட்டு. பாவம், அவர் என்ன செய்வார்?

டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் உயரத்தால் மட்டுமே கிடைக்கிறது. பத்து மீட்டர், அதாவது 33 அடி உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டில், மொட்டை மாடியில் நாலடி மேடை மேல் டேங்க் இருந்தால், அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து சுமார் 14 அடி. ஷவர் இருப்பது ஏழடியில். வித்தியாசம் ஏழடி. கிடைக்கும் அழுத்தம் ஒரு கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய ஷவர்கள் பலவும் இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் கேட்பவை. கடையில் அதற்குப் பின்னால் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நம் மேனாம்பேட்டு வீட்டில் டேங்க் மாடிக்கும் மேலே இருப்பதால், கீழ் பாத்ரூமுக்கு இன்னொரு பத்தடி கூடுதலாகக் கிடைக்கும். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

இருக்கிற அழுத்தத்தை வழியில் வீணாக்காமல் இருப்பது பைப் வேலையின் பாதி. டேங்கிலிருந்து பாத்ரூம்வரை ஒரு இன்ச். உள்ளே டைவர்ட்டர்வரை முக்கால் இன்ச். குழாய் முனைக்கு மட்டும் அரை இன்ச். எல்போக்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வழியில் பைப் எங்கேயும் மேலே ஏறி மறுபடி இறங்கக் கூடாது. அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீரை மறிக்கும். மோட்டார் ஓடி டேங்க் காலியாகி நிறைந்த மறுநாள் வெந்நீர் மட்டும் வராமல் நின்றுபோகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. டேங்க் வாயிலுக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு காற்றுப் பைப் வைத்துவிட்டால் தொல்லை குறையும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே டேங்கிலிருந்து வர வேண்டும் என்பதும் முக்கியம். ஒன்றில் அழுத்தம் கூடி இன்னொன்றில் குறைந்தால் டைவர்ட்டரால் சரியாகக் கலக்க முடியாது. திடீரென்று கொதிக்கும், திடீரென்று குளிரும்.

ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனியாக மூடுகிற வால்வு ஒன்று, கைக்கு எட்டும் உயரத்தில் அவசியம் வேண்டும். அது இல்லாத வீட்டில், கீழே ஒரு வாஷர் மாற்றுவதற்கு மாடியில் இருப்பவர்கள் அரை நாள் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வால்வை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்து மூடிவிடுகிற புத்திசாலிகளும் உண்டு.

வெந்நீர்

சாதாரண வெள்ளை பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, தொய்ந்துவிடும். கீசர் தண்ணீர் அதைத் தாண்டிப் போகக்கூடியது. வெந்நீருக்கு சிபிவிசிதான், பார்க்க இளமஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும். 82 டிகிரி வெந்நீரையும் வீட்டுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் தாங்கும். ஆனால், அதற்கென்று உள்ள பசையால்தான் ஒட்ட வேண்டும். கையில் இருக்கிறதே என்று பிவிசி பசையைத் தடவினால், பச்சைத் தண்ணீரில் நிற்கும் ஒட்டு வெந்நீரில் விட்டுவிடும். பசை டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீசர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் வீண். முக்கால் இன்ச் சிபிவிசி பைப் ஒரு மீட்டர் நீளத்தில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். கீசரிலிருந்து பத்து மீட்டர் சுற்றி வந்தால், சூடு வருவதற்குள் இரண்டரை லிட்டர் ஆறிய தண்ணீர் தரையில் ஓடும், ஒவ்வொருவர் குளிக்கும்போதும். 2019 கோடையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது வில்லிவாக்கத்தில். அம்பத்தூரிலிருந்து மூன்றே ஸ்டேஷன். பட்டரைவாக்கம், கொரட்டூர், அடுத்தது வில்லிவாக்கம். அந்த மாதங்களில் வெந்நீருக்கு முன்னால் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்த வீடுகள் உண்டு. பைப்பை மாற்றும்போதே கீசரைக் குளிக்கும் இடத்துக்கு நேர்மேலே தள்ளி வைத்தால் அந்த வாளிக்கு வேலை இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பவர் மேல் ஷவர் தண்ணீர் பட்டாலும் ஸ்விட்ச்சில் படாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் கேட்டது நினைவிருக்கிறதா? வழக்கமாக டைவர்ட்டர் மூன்றடியிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வரும். நின்று குளிப்பவருக்கு அது சரி. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையைத் தூக்கித் திருப்ப வேண்டிவரும். அவரையே ஸ்டூலில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். எந்த அளவுப் பட்டியலும் அதற்கு ஈடாகாது. வெந்நீர் இடப்பக்கம், பச்சைத் தண்ணீர் வலப்பக்கம் என்பதை மட்டும் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி கையைச் சுட்டுக்கொள்வார்.

எர்த் எங்கே போச்சு?

இந்த வேலையிலேயே ஆபத்தான விஷயம் தண்ணீரைப் பற்றியதே இல்லை.

பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர் பைப்பில் கட்டிவிட்ட பழக்கம் உண்டு. பைப் மண்ணுக்குள் போகிறது, அதனால் அதுவே எர்த் என்ற கணக்கு. இப்போது அந்த இரும்புப் பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பைப் போட்டாகிவிட்டது. எர்த் கம்பி எங்கேயோ சுவருக்குள் எதிலும் ஒட்டாமல் நிற்கிறது. லைட் எரியும், கீசர் வேலை செய்யும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கீசரின் உள்ளே ஒரு நாள் காயில் வெடித்து மின்சாரம் கசியும்போதுதான் தெரியும். அப்போது ஈரக் காலோடு குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.

அதனால் ஜி.ஐ. பைப்பை எடுக்கிற வீட்டில், பிளம்பரோடு எலெக்ட்ரீஷியனையும் ஒரு நாள் கூப்பிட்டே ஆக வேண்டும். வீட்டுக்கென்று தனியாக எர்த் குழி இருக்கிறதா, கீசர் பிளக்கின் மூன்றாவது ஓட்டைவரை எர்த் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இதுதான் சமயம். கசிவு ஏற்பட்ட நொடியில் மின்சாரத்தை அறுத்துவிடும் பொருள் அது. அதன் மேல் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். டைல்ஸில் பூப்போட்ட வரிசையை விட்டுவிட்டால் இந்தச் செலவு வந்துவிடும்.

மூடுவதற்கு முன்

பைப் எல்லாம் போட்டாகிவிட்டது. கொத்தனார் சிமென்ட் கலந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நாள் கூலி ஏறுகிறது. "பூசிடலாமாக்கா?" என்கிறார். இந்த இடத்தில் மருமகள் "இருங்கண்ணே" என்று சொல்ல வேண்டும்.

ஒட்டுகள் காய ஒரு நாள் விட வேண்டும். அதன் பிறகு எல்லா முனைகளையும் டம்மி போட்டு அடைத்து, பைப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். வீட்டு டேங்க் கொடுப்பது ஒரு கிலோவுக்குள்தான் என்றாலும், சோதனைக்கு ஆறு கிலோவாவது ஏற்றுவார்கள். மீட்டர் முள் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. முள் இறங்கினால் எங்கோ ஒரு ஒட்டு அழுகிறது. இப்போது கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பம்பு இல்லை, கம்ப்ரஸர் காற்றை விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். காற்றழுத்தத்தில் பிளாஸ்டிக் பைப் உடைந்தால் துண்டுகள் சிதறி ஆளைக் காயப்படுத்தும். "டேங்க் வால்வைத் திறந்து விட்டுப் பார்த்தேன், லீக் இல்ல" என்பதும் டெஸ்ட் ஆகாது. அந்தக் குறைந்த அழுத்தத்தில் அரைகுறையாக ஒட்டியதுகூடச் சில மாதம் நிற்கும்.

முள் நின்றுவிட்டது. இனி பூசலாம். அதற்கு முன் ஐந்து நிமிடம், போனை எடுங்கள்.

ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று ஒரு போட்டோ. அதே சுவரில் தரையிலிருந்து ஒரு டேப்பை நெட்டாகவும், மூலையிலிருந்து ஒரு டேப்பைக் குறுக்காகவும் பிடிக்கச் சொல்லி இன்னொரு போட்டோ. எண்கள் படிக்கத் தெரிய வேண்டும். எந்தப் பைப் வெந்நீர், எது பச்சைத் தண்ணீர், எங்கே கரன்ட் வயர் என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதி எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். போன் மாறினாலும் யாரிடமாவது இருக்கும். தாத்தாவோடு போன வரைபடம் மாதிரி ஆகாது. கூடவே ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கைப்பிடிக் கம்பி மட்டும் பாக்கி. கடையில் நல்லதாக வர நாளாகிவிட்டது. மாட்ட வந்தவர் பிளம்பர் இல்லை, வேறு ஆள். டைவர்ட்டருக்கு நேர்மேலே, மாமியாரின் கை போகிற இடத்தில் டிரில்லை வைக்கிறார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்." மருமகள் போனை நீட்டுகிறார். போட்டோவில் அதே சுவர், செங்கல் தெரிய. டைவர்ட்டரிலிருந்து நேர்மேலே இரண்டு பைப்புகள், ஒன்றுக்கொன்று ஆறு இன்ச் இடைவெளியில். பக்கத்தில் டேப்.

அவர் பார்க்கிறார். டிரில்லை எடுத்துவிட்டு, மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து, ஒரு அடி இடப்பக்கம் தள்ளிப் பென்சிலால் புள்ளி வைக்கிறார்.

"அத்தை, இங்க வெச்சா கை எட்டுதான்னு உட்கார்ந்து பாருங்க."

"எட்டுதும்மா. ஓட்டை போடச் சொல்லு."